பீரோ சாவி யாரிடம்? தொடக்கப்பள்ளி நூலகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகள் கூப்பிட்டால் போய், அவர்களுடைய நூலகம் எப்படி நடக்கிறது என்று பார்த்து, சீர்செய்யக் கூட நிற்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஹெச்.எம். (தலைமையாசிரியர்), பெற்றோர், வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"எங்க பள்ளிக்கூடத்துல நூலகம்னு தனி அறையே இல்ல டீச்சர். ஒரு பீரோதான் இருக்கு. இதுல எதைப் போய் மதிப்பீடு பண்றது?"

அந்த பீரோதான் உங்கள் நூலகம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழ், இதழ்கள், கதைப்புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்கள் இருக்க வேண்டும் என்கிறது. அறைக்கு நீள அகலம் சொல்லவில்லை.

நான் போனவுடன் கேட்கும் முதல் கேள்வி, பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான். ஹெச்.எம். மேசை இழுப்பறையில் என்றால், அவர் கூட்டத்துக்குப் போன நாளெல்லாம் நூலகத்துக்கு விடுமுறை. சாவி பூட்டிலேயே தொங்குகிறது, பிள்ளைகளே திறக்கிறார்கள் என்றால் பாதி மதிப்பீடு அங்கேயே முடிந்துவிட்டது.

"எத்தனை புத்தகம் இருந்தா நல்ல நூலகம்னு சொல்லலாம்?"

எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. ஆயிரம் புத்தகம் உள்ள பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு கதையும் தெரியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். முந்நூறு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்து அட்டை நைந்துபோன பள்ளியையும் பார்த்திருக்கிறேன். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அதில் முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகத்தான் என்பது. இருப்புப் பதிவேட்டில் எத்தனை என்று பார்ப்பதை விட, இன்றைக்கு எத்தனை புத்தகம் பிள்ளைகள் வீட்டில் இருக்கின்றன என்று கேளுங்கள்.

"சரி, அளக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது? ஏதாவது படிவம் இருக்கா?"

படிவம் வேண்டாம். ஒரு பென்சில் போதும். பருவத் தொடக்கத்தில் எல்லாப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பிள்ளை எடுத்துப் போகும்போதும் அங்கே ஒரு புள்ளி. பருவம் முடிந்ததும் புள்ளியே இல்லாதவை ஒரு குவியல், ஐந்துக்கு மேல் உள்ளவை ஒரு குவியல், நடுவில் உள்ளவை ஒரு குவியல். அந்த மூன்று குவியலையும் தரையில் பரப்பிவிட்டு ஆசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால், எதை வாங்க வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும், எந்த வகுப்புக்கு ஒன்றுமே இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஒரு பருவம் காத்திருக்க நேரமில்லை என்றால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பத்துப் புத்தகத்தை உருவுங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். யாரும் தொடாத புத்தகம் திறக்கும்போது மொடமொடவென்று சத்தம் போடும். தைத்த கம்பி துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் செம்மண் நிறத்தில் இரண்டு கறை இருக்கும். படித்த புத்தகத்துக்கு வலது கீழ்மூலை மட்டும் மங்கி, மெத்தென்று இருக்கும். பிஞ்சு விரல் எச்சில் தொட்டுப் புரட்டிய இடம் அது. பத்தில் எத்தனைக்கு அந்த மூலை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

அதோடு பிள்ளைகளிடமும் பேசுங்கள். "பிடிச்ச கதை எது?" என்று கேட்டால் பாடப்புத்தகக் கதையைச் சொல்வார்கள். "போன வாரம் எடுத்ததுல யாரு வந்தா? என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

"புத்தகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க அந்தப் பக்கமே போறதில்ல. ஏன்?"

பெரும்பாலும் புத்தகம் கண்ணில் படாததுதான் காரணம். சிறு பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்கள் பலவும் பதினாறு, இருபத்து நான்கு பக்கம், நடுவில் கம்பி அடித்தவை. அவற்றுக்கு முதுகே கிடையாது. அலமாரியில் செருகி நிறுத்தினால் தாள் விளிம்பு மட்டும்தான் தெரியும். பெரியவர்கள் நூலகத்தைப் போல அடுக்கினால் பிள்ளைக்கு அது காகிதக் கட்டு.

வகுப்புச் சுவரில் இரண்டு ஆணி அடித்து நைலான் கயிறு கட்டி, துணிக்கிளிப்பில் அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை எட்டும் உயரம் முக்கியம். இருபது புத்தகம் தொங்கினால் போதும், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். நான் சொல்லும் மாற்றங்களிலேயே குறைந்த செலவில் உடனே பலன் தெரிவது இதுதான்.

"வீட்டுக்குக் குடுத்தா கிழிச்சிடுவாங்க, தொலைச்சிடுவாங்க. ஆடிட்ல யாரு பதில் சொல்றது?"

பீரோக்கள் பூட்டிக் கிடப்பதற்கு உண்மையான காரணம் இந்தப் பயம்தான். இதை நான் குறைவாக எண்ணவில்லை. மாறுதலில் போகும்போது காணாமல் போன புத்தகத்துக்குக் கைக்காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அரசுக் கணக்கே நூலகத்தில் இழப்பை எதிர்பார்க்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, ஓராண்டில் வழங்கப்படும் அல்லது பார்க்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து காணாமல் போவது இயல்பான இழப்பு என்று ஏற்கிறது. நம் ஊராட்சிப் பள்ளி அந்த விதிக்கு நேரடியாக உட்பட்டதில்லை. ஆனாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் எடுத்துச் சொல்ல அது நல்ல அளவுகோல். 40 பிள்ளைகள், வாரம் ஒரு புத்தகம், ஆண்டுக்கு 35 வாரம் என்று வைத்துக்கொண்டால் 1,400 வழங்கல். அந்தக் கணக்குப்படி 7 புத்தகம் போவது இயல்பு.

ஆகவே ஜூன் மாதக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்: புத்தகம் வீட்டுக்குத் தரப்படும், கிழிந்தால் ஒட்டப்படும், காணாமல் போனதை ஆண்டு இறுதியில் குழுவே பார்த்துக் கையெழுத்திடும், பிள்ளையிடம் அபராதம் வாங்குவதில்லை. குழு உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர்கள் என்பதால், அந்தக் கையெழுத்து ஹெச்.எம்.முக்குப் பெரிய பலம். ஒரு புத்தகமும் தொலையவில்லை என்று பெருமையாகச் சொல்லும் பள்ளிக்குப் போனால், நான் வழங்கல் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பேன்.

"ஒண்ணாம் வகுப்புக்கு எழுத்தே தெரியாது. அவங்களுக்கு எதுக்குப் புத்தகம்?"

எழுத்து தெரிவதற்கு முன்னால் புத்தகம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். எந்தப் பக்கம் திறப்பது, படத்துக்கும் சொல்லுக்கும் என்ன உறவு, இடமிருந்து வலமாகக் கண் ஓடுவது, பக்கம் புரட்டினால் கதை நகர்வது, இவையெல்லாம் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தால்தான் வரும். வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளைக்கு இது மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைக்கு நம் பீரோதான் கதி.

அவர்களுக்குத் தினமும் பத்து நிமிடம் வாசித்துக் காட்ட வேண்டும். ஆசிரியர்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. ஓர் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் ஆச்சி வந்து உட்காருவார். கண்ணாடியை மாட்டி, விரல் வைத்து, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். பிள்ளைகள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் தயங்கும் சொல்லைப் பின்னாலிருந்து ஒரு குரல் சொல்லும். பாட்டும் சேருங்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது நம் இராயவரத்தில்தான். அவர் பாட்டை வாய்ப்பாடமாகச் சொன்ன பிள்ளை, பிறகு அதே பாட்டை அச்சில் பார்க்கும்போது தானாகப் 'படிக்கிறது'. அந்தச் சந்தோஷத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

"புத்தகத்துக்கு டியூயி நம்பர் போடணுமா?"

வேண்டாம். பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு எண் கொடுக்கும், 1876இல் வந்த அந்த முறை பெரிய நூலகங்களுக்கு அருமையானது. முந்நூறு புத்தகத்துக்கு நிறப்பொட்டு போதும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று எளிதிலிருந்து கடினத்துக்கு நான்கு நிலைகளில் வருகின்றன. அந்தப் பெயர்களையே மற்றப் புத்தகங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது.

ஒன்றே ஒன்று: பொட்டு புத்தகத்துக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. "நீ நுழை, பற புத்தகத்தைத் தொடாதே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் புத்தகம் கொஞ்சம் கடினம் என்று பிள்ளைக்கே தெரியும். அப்படியும் அதுதான் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள்.

"எங்க ஐயா காலத்துப் புத்தகமெல்லாம் வீட்டுப் பரண்ல கிடக்கு. பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடலாமா?"

நல்ல மனசோடு கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். பெரும்பாலானவற்றைப் பள்ளிக்குக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் கொண்டுவந்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால் தும்பிக்கை போலச் சுழித்து இருக்கும். ணா, றா, னா வடிவமும் வேறு. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்படி ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு "யா…" என்று சொல்லி நின்றுவிட்டாள். படத்தில் யானை இருக்கிறது, வாய்க்குள் சொல் இருக்கிறது, ஆனால் தாளில் இருக்கும் எழுத்தை அவள் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று மூடி வைத்துவிட்டாள். அன்று அவள் எழுத்தை மட்டும் விடவில்லை, தன் மேல் இருந்த நம்பிக்கையையும் கொஞ்சம் விட்டாள்.

ஆனால் அந்தப் பரண் குப்பை இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகம், இதழ், துண்டறிக்கை எல்லாம் ஏறக்குறைய ஒரு லட்சம். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. உங்கள் பரணில் இருப்பதையும் முதலில் பழைய நூல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பள்ளிக்குக் கொடுக்க ஆசை என்றால் புதிதாக வாங்கிக் கொடுங்கள். ஐயா பெயரை உள்ளட்டையில் எழுதிவிடலாம்.

"பழைய புத்தகத்தைக் கழிச்சுக் கட்டுறது பாவம் இல்லையா? சரஸ்வதி பூஜைக்கு வச்சுக் கும்பிடுறதாச்சே."

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரு புத்தகத்தைக் காட்டுவேன். அதில் காரைக்குடி 'பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டத்தில்' இருக்கிறது. 1997இலேயே அது சிவகங்கை மாவட்டம் ஆகிவிட்டது. தன் ஊரைத் தேடும் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. தெலுங்கானா இல்லாத இந்திய வரைபடம், புளூட்டோவைச் சேர்த்து ஒன்பது கோள், இவையும் அப்படியே.

தகவல் தவறானது, பூஞ்சை பிடித்தது, பக்கம் போனது, பள்ளிப் பிள்ளைக்கே பொருந்தாதது: இவற்றை எடுத்துவிடலாம். நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் போட்டித்தேர்வு வழிகாட்டிகள் இரண்டு தட்டு நிறைய இருந்தன. அவற்றை நீக்கிய அன்று, பின்னால் மறைந்திருந்த படக்கதைகள் வெளியே வந்தன. நீக்குவதை நீங்களாகச் செய்யாமல் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு, இருப்புப் பதிவேட்டில் குறித்து, துறை நடைமுறைப்படி செய்யுங்கள்.

"காசு எங்கேருந்து வரும்?"

ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் நூலக மானிய வரம்பு தொடக்கப்பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. அதனால் தடி அட்டைப் புத்தகம் பத்து வாங்குவதை விட மெல்லிய புத்தகம் நிறைய வாங்குவது மேல். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஊர்க் கிளை நூலகத்தை மறந்துவிடாதீர்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அங்கே பிள்ளைகளை உறுப்பினராக்கலாம்.

"நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல செட்டா வாங்கி அனுப்பணும். எதை வாங்குறது?"

செட்டாக வாங்காதீர்கள். ஒரே பதிப்பாளரின் ஒரே மாதிரிப் பெரிய தொகுதிகள் நன்றாக அடுக்கி வைக்கத்தான் உதவும். முதலில் அந்தப் பள்ளியில் மேலே சொன்ன புள்ளிக் கணக்கை எடுக்கச் சொல்லுங்கள். எந்த நிலைக்குப் பஞ்சம், எந்தப் புத்தகத்துக்குச் சண்டை என்று தெரிந்தபின் வாங்குங்கள். பிள்ளைகள் சண்டை போடும் புத்தகத்துக்கு இரண்டாம் படி வாங்குவது வீண்செலவு இல்லை.

கட்டடம் கட்டிக் கல்வெட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். அதனால்தான் இந்த மண்ணில் இத்தனை பள்ளிகளும் கல்லூரிகளும் வந்தன. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நூலகத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் தருவதை விட, ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் இருபதாயிரம் தருவது பயனுள்ளது. புத்தகம் தேயும் பொருள்.

"கறையான் அரிச்சிடுது. என்ன செய்ய?"

பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தாழ்வாரத்தில், நிழலில் ஒரு நாள் ஆறவிடுங்கள். நேர் வெயில் தாளை முறிக்கும். காய்ந்த வேப்பிலை, வசம்பு வைக்கலாம். அந்துருண்டை கூடவே கூடாது. சிறு பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். எப்படியும், வாரம் ஒருமுறை கைமாறும் புத்தகத்தைக் கறையான் அரித்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டே டீச்சர், அஞ்சு வகுப்பு. இதுல நூலகத்துக்கு நேரம் எங்கே?"

உண்மைதான். அதனால் ஆசிரியர் இல்லாமலே நடக்கும்படி அமைக்க வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் நான்கு பேரை நூலகப் பொறுப்பாளராக்குங்கள். கயிற்றில் புத்தகம், மேசையில் நோட்டு, ஒரு தேதி முத்திரை. காலை மணி அடிப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் வாங்குவதும் கொடுப்பதும் முடிந்துவிடும். எழுதத் தெரியாத பிள்ளைக்கு அவர்கள் எழுதுவார்கள். ஆசிரியர் வாரம் ஒருமுறை நோட்டைப் பார்த்தால் போதும். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற வகுப்பு கையில் புத்தகத்தோடு இருந்தால் அதுவே உங்களுக்கு உதவிதான்.

"பையன் புத்தகத்தை எடுத்துட்டுப் போறான், அப்படியே திருப்பிக் கொண்டாந்துடறான். புள்ளி விழுந்துடுது, படிச்சானா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

புள்ளிக் கணக்கின் பலவீனம் இதுதான். அதனால்தான் பிள்ளைகளிடம் பேசச் சொன்னேன். சுருக்கம் எழுதி வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் புத்தகமே எடுக்க மாட்டான். திருப்பித் தரும்போது பொறுப்பாளர் பிள்ளை "இதை யாருக்குக் குடுக்கலாம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். படித்தவன் "பயப்படுறவங்களுக்குக் குடுக்காத, நடுவுல பேய் வருது" என்பான். படிக்காதவன் தோளைக் குலுக்குவான்.

படிக்காமல் திருப்பினாலும் பரவாயில்லை. வீட்டில் தங்கை படம் பார்த்திருப்பாள். ஒரே புத்தகத்தை நான்கு முறை எடுக்கும் பிள்ளையையும் தடுக்காதீர்கள். நாலாவது முறைதான் தடங்கலின்றி வாசிக்கிறது.

"நூலகத்தால வாசிப்பு முன்னேறிச்சுன்னு பி.இ.ஓ.வுக்கு (வட்டாரக் கல்வி அலுவலருக்கு) நம்பர் காட்டணும். எப்படி?"

இதில் நேர்மை முக்கியம். நிறையப் புத்தகம் எடுத்த பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள் என்று காட்டினால் அது ஒன்றையும் நிரூபிக்காது. அவர்கள் முன்பே நன்றாக வாசித்தவர்களாக இருக்கலாம். ஆகவே பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஜூனில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, பார்த்திராத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்: எழுத்தில் நிற்கிறாளா, சொல் வருகிறதா, வாக்கியம் ஓடுகிறதா, கேட்டால் பொருள் சொல்கிறாளா. ஜனவரியில் அதே கடினம் உள்ள வேறு பத்தியோடு மறுபடி. அவரவர் எவ்வளவு நகர்ந்தார்கள் என்பதைப் புத்தகம் எடுத்த கணக்கோடு பக்கத்தில் வையுங்கள்.

அப்போதும் எல்லாம் நூலகத்தால்தான் என்று எழுதாதீர்கள். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பும் நடக்கிறது, வீட்டில் அக்காள் சொல்லிக்கொடுக்கிறாள். நீங்கள் காட்ட வேண்டிய முக்கியமான எண் வேறு: பருவம் முழுக்க ஒரு புத்தகமும் எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? முதல் பருவத்தில் பதினைந்து, கடைசிப் பருவத்தில் மூன்று என்றால் அது உங்கள் வேலை. அந்த மூன்று பேர் யார் என்று பெயரோடு உங்களுக்குத் தெரிந்திருந்தால் எந்த அதிகாரியும் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

"நல்லா நடத்திக்கிட்டிருந்த டீச்சர் மாறுதல்ல போயிட்டாங்க. அதோட எல்லாம் நின்னுபோச்சு. இதுக்கு என்ன வழி?"

எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலேயே இப்படி நடந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் போனபோது கயிற்றில் கிளிப் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தகங்கள் மறுபடி பீரோவில். புதிதாக வந்தவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவரிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. எல்லாம் என் தலைக்குள்ளேயே இருந்தது.

அதனால் இப்போது எந்தப் பள்ளியிலும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்கிறேன்: என்றைக்கு வழங்கல், யார் பொறுப்பாளர், இழப்புத் தீர்மானம் எந்தத் தேதி, புள்ளிக் கணக்கு எப்போது எடுப்பது. பொறுப்பாளர்களில் இருவர் நான்காம் வகுப்பாக இருக்கட்டும், அப்போதுதான் அடுத்த ஜூனிலும் வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஏப்ரலில் பள்ளி முடியும் முன், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தேதி முத்திரையை நான்காம் வகுப்பின் கையில் கொடுத்து, சக்கரத்தைத் திருப்பி நாள் மாற்றுவது எப்படி என்று காட்டட்டும். பீரோ சாவியையும் அப்போதே கொடுத்துவிடலாம்.